மேல்மொணவூருக்கு பஸ் இருக்கு, ஜோர்டான் எதுக்கு?

பிப்ரவரி 11, 2024

(வேலூர் பக்கம் மேல்மொணவூரில் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் இருக்கு. காட்பாடித் தம்பி ஒருவர் கேட்டது, அப்படியே:) "பி.எஸ்சி. நர்சிங் முடிச்சு ரெண்டு வருஷமா ஐ.சி.யூ.ல இருக்கேன். அகதிகள் மருத்துவம், நிவாரணப் பணி இதை வெளிநாட்டுல படிக்கணும்னு ஆசை. வீட்ல, 'அகதியைப் பார்க்கணும்னா மேல்மொணவூர் பஸ் ஏறு, அதுக்கு எதுக்குடா பிளேன்'னு சிரிக்கிறாங்க. போய் வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. அவங்க சொல்றது சரியா?"

பிப்ரவரி 11, இரவு

நான் போய் வந்தவள். 2018இல் நாலு மாதம் ஜோர்டான் தலைநகர் அம்மானில் களப்பயிற்சி. படிப்பு ஐரோப்பாவில், கடன் குடியாத்தத்தில். உங்கள் வீட்டில் சொல்வது பாதி சரி. எந்தப் பாதி என்று யோசித்துச் சொல்கிறேன். நாளைக்கு எனக்குக் காலை ஷிப்ட்.

பிப்ரவரி 13

முதலில், அங்கே என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பது. ஐ.சி.யூ.வில் நாம் ஒரு ஆளைப் பார்க்கிறோம். அங்கே முதல் நாளே ஆளை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு மேல் சாகிறார்களா? அப்படியானால் அது நெருக்கடி. ஐந்து வயதுக்குக் கீழே இரண்டு பேருக்கு மேலா? அதுவும் நெருக்கடி. மேல்கை சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே போன குழந்தை கடும் ஊட்டக்குறைவு. முகாம் திறந்ததும் தட்டம்மை ஊசி. டாக்டர் எத்தனை பேர் என்பதற்கு முன்னால் தண்ணீர் எத்தனை லிட்டர் என்று கேட்கணும்.

ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் என்று ஆசிரியை எழுதினார். வகுப்பில் எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. 15 லிட்டர் என்றால் ஒரு பிளாஸ்டிக் குடம். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க ஆளுக்கு ஒரு குடம். எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை வந்த காலத்தில் அம்மா இதே கணக்கைத்தான் போட்டாள், எந்தக் கையேடும் இல்லாமல்.

இந்தக் கணக்குகள் ஆபீஸில் உட்கார்ந்து யோசித்தவை இல்லை. 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் சில நாட்களில் பக்கத்து நாடான ஜயரின் (இன்றைய காங்கோ) கோமா என்ற ஊருக்குள் வந்து சேர்ந்தார்கள். அங்கே எரிமலைப் பாறை. கக்கூஸுக்கும் குழி தோண்ட முடியவில்லை, பிணத்துக்கும் முடியவில்லை. முதல் மாதத்திலேயே ஐம்பதாயிரம் பேர் அளவில் செத்தார்கள், பெரும்பாலும் காலராவாலும் ரத்தபேதியாலும். உதவி செய்ய வந்த அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆளுக்கொரு முறையில் செய்தார்கள், அதுதான் கோளாறு. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் 1997இல் ஸ்பியர் என்ற பொதுத் தரநிலைகளை எழுத ஆரம்பித்தார்கள். 15 லிட்டர், இருபது பேருக்கு ஒரு கழிப்பறை எல்லாம் அதிலிருந்துதான்.

பிப்ரவரி 13, கொஞ்ச நேரம் கழித்து

திருத்தம். இருபது பேருக்கு ஒன்று என்பது நிலைமை கொஞ்சம் சரியான பிறகு. ஆரம்ப நாட்களில் ஐம்பது பேருக்கு ஒன்று வரைக்கும் ஒத்துக்கொள்கிறார்கள். கீழே பின்னூட்டத்தில் சுட்டிக்காட்டிய நண்பருக்கு நன்றி, ஆனால் "இதுகூடத் தெரியாதா" என்ற அந்தக் கடைசி வரி தேவையில்லை சார்.

பிப்ரவரி 18

எனக்கு வெட்கமாய்ப் போன ஒரு வகுப்பைச் சொல்கிறேன்.

திரையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். தரையெல்லாம் நோயாளிகள். "இது எந்த ஊர், யாருக்காவது தெரியுமா?" என்றார் ஆசிரியை. இந்தியாவிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தெரியவில்லை. மேற்கு வங்காளத்தில் எல்லையோரமாக இருக்கும் பன்காவ். 1971. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஒரு கோடிப் பேர் அளவில் நம் பக்கம் வந்த வருஷம். முகாம்களில் காலரா. சலைன் பாட்டில் தீர்ந்துகொண்டே வருகிறது. டாக்டர் திலீப் மகாலநபிஸ், உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் தண்ணீரில் கலந்து, சொந்தக்காரர்கள் கையிலேயே டம்ளரைக் கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். அதுவரைக்கும் நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது நாலுக்கும் கீழே, 3.6க்கு வந்தது. 2022 அக்டோபரில் காலமானார். பத்ம விபூஷண் அடுத்த ஜனவரியில் கொடுத்தார்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை நான் ஆயிரம் முறை கிழித்துக் கலக்கியிருக்கிறேன். அது தேறிக் காட்டியது ஓர் அகதி முகாமில் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது. இத்தனைக்கும் நம் வேலூரில் வங்காளத்து நோயாளிகள் வந்து குவியும் ஆஸ்பத்திரியைச் சுற்றி லாட்ஜ் போர்டெல்லாம் வங்காள மொழியில்தான் இருக்கு, இட்லிக் கடைக்காரரே வங்காளம் பேசுகிறார். திரும்பி வந்ததும் வார்டில் வயதான வங்காளிகளிடம் பன்காவைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தேன். ஒருவர், மருமகளுக்குத் துணையாக வந்தவர், அந்த வருஷம் தனக்குப் பதினாலு வயசு, வரிசையில் நின்று அரிசி வாங்கினேன் என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆக, தம்பி வீட்டில் சொல்வதில் இது சரியான பாதி என்று எழுத நினைத்தேன். எழுதியபின் பார்த்தால் தப்பான பாதி மாதிரியும் தெரிகிறது. பக்கத்தில் இருந்ததை எனக்குக் காட்டிக் கொடுத்தது தூரத்தில் இருந்த வகுப்புதானே?

பிப்ரவரி 25

ஜோர்டானில் சிரிய அகதிகளுக்கான ஜாட்டரி முகாமுக்குள் போனீர்களா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு முறை, அனுமதியோடு, வேன் வைத்து. சிரிய எல்லையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லாவிட்டாலும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். 2012 ஜூலையில் கூடாரமாகத் தொடங்கியது. நான் போனபோது தகரப் பெட்டி வீடுகள், எண்பதாயிரம் பேர் அளவில் ஜனம், கடைத்தெரு. அந்தத் தெருவுக்குப் பாரீஸின் ஷான்ஸ் எலிசே தெருவின் பெயரைக் கொஞ்சம் திருகி 'ஷாம்' எலிசே என்று வைத்திருந்தார்கள். ஷாம் என்றால் அவர்களுக்கு டமாஸ்கஸ். கல்யாணப் புடவை வாடகைக்குக் கொடுக்கும் கடை மாதிரி அங்கே கல்யாணக் கவுன் வாடகைக் கடை. பல்பொருள் கடையில் காசும் இல்லை, கார்டும் இல்லை. கண்ணை ஒரு கருவியில் காட்டினால் கணக்கில் கழித்துக்கொள்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

ஆனால் நான் அதிகம் கற்றது முகாமில் இல்லை. ஜோர்டானில் அப்போது இருந்த சிரியர்களில் ஐந்தில் நாலு பேர் முகாமுக்கு வெளியே, பெரும்பாலும் நகரத்தில் வாடகை வீட்டில் இருந்தார்கள். நான் போன அதே 2018 தொடக்கத்தில், அரசு ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு இருந்த சலுகைக் கட்டணத்தை எடுத்துவிட்டு, வெளிநாட்டுக்காரர்கள் கட்டுவதில் 80 சதவீதம் கட்டச் சொல்லிவிட்டார்கள். (அடுத்த வருஷம் குறைத்தார்கள்.) கிழக்கு அம்மானில் ஒரு தையல்காரர், சிரியாவின் ஹோம்ஸ் நகரத்திலிருந்து வந்தவர். சர்க்கரை. இன்சுலினை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொண்டிருந்தார், ஃப்ரிட்ஜும் இல்லை. நான் படித்த காலரா, தட்டம்மை, மேல்கை நாடா எதுவும் அவருக்கு ஆகாது. போரில் தப்பி வந்த ஜனத்துக்கு பி.பி.யும் சுகரும் இருக்கும் என்பதைப் பாடம் கடைசி அத்தியாயத்தில்தான் வைத்திருந்தது.

நான் கொடுத்த ஒரே உருப்படியான யோசனை மண்பானை. தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு டப்பாவில் மருந்தை வைத்து, ஈரத்துணி சுற்றுவது. நம் ஊர்ப் பக்கம் பாட்டிகள் செய்வதுதான், ஆராய்ச்சியும் அதைச் சரி என்கிறது. மொழிபெயர்த்த பெண் இதை அரபியில் சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரித்துவிட்டார். அவர் பாட்டி வெண்ணெயை அப்படித்தான் வைப்பாராம்.

மார்ச் 2

"நம்ம ஊர் முகாம் பற்றி ஒரு வரிகூட இல்லையே அக்கா" என்று தம்பி கேட்டிருக்கிறார். வேண்டுமென்றேதான் தள்ளிப் போட்டேன்.

என் அப்பா தலையாரி. ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) முகாமுக்குச் செக்கிங் போகும்போது நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கூடப் போவார். பெயரைக் கூப்பிட வேண்டும், ஆள் வந்து நிற்க வேண்டும், டிக் அடிக்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் அரசு மாதாமாதம் கொடுக்கும் பணக்கொடை நிற்கும். கூலி வேலைக்குத் திருப்பத்தூர் பக்கம் போனவன் செக்கிங் நாளுக்கு ஓடி வருவான். அப்பா நல்ல மனுஷர், ஒருசிலருக்கு "பின்னாடி வர்றான் சார்" என்று சொல்லிக் காப்பாற்றியிருக்கிறார். ஆனால் நான் வளர்ந்த பதினெட்டு வருஷத்தில் அந்த முகாமுக்குள் ஒருமுறைகூடப் போனதில்லை. பஸ்ஸில் தாண்டிப் போயிருக்கிறேன், அவ்வளவுதான். தம்பி வீட்டில் சொல்லும் அந்த பஸ் எனக்கும் இருந்தது.

கண்ணைக் காட்டிச் சாமான் வாங்குவது ஏன் பிடிக்கவில்லை என்று இப்போது புரிகிறதா? அது அப்பாவின் நோட்டு.

மார்ச் 3

கோட்டையை இழுத்துவிட்டீர்களே! "வேலூருக்கு வந்த முதல் இலங்கை அகதி கண்டி ராஜா" என்று ஒருவர். அவர் அகதி இல்லை ஐயா, கைதி. ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனை 1815இல் வெள்ளைக்காரன் பிடித்து, பிறகு இங்கே கோட்டையில் கொண்டுவந்து வைத்தான். 1832இல் இங்கேயே செத்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் அவருடைய சமாதிதான். அதே கோட்டையின் திப்பு மகாலில்தான் 1995இல் அடைத்து வைத்திருந்த விடுதலைப் புலிகள் சுரங்கம் தோண்டி 43 பேர் தப்பினார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் முகாமில் செக்கிங் எப்படி இருந்தது என்று அப்பா சொன்னதை இங்கே எழுத விருப்பமில்லை.

அகதிக்கும் கைதிக்கும் ஓரெழுத்துத்தானே வித்தியாசம் என்று யாரும் எழுத வேண்டாம். எண்ணிப் பார்த்தேன், கணக்கு வரவில்லை.

மார்ச் 10

சரி, முகாம் கதை. 2019இல் ஒரு மருத்துவக் குழுவோடு, முறைப்படி அனுமதி வாங்கி மேல்மொணவூர் முகாமுக்குள் போனேன். வெளிநாட்டில் படித்தவள் என்பதால் கேள்வித்தாள் என் பொறுப்பு. மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், நம்ம தமிழ்தானே என்று எழுதிக் கொடுத்தவளும் நான்தான்.

ஐம்பது வயசிருக்கும் ஒரு அம்மா. "மூண்டு வருசமா வருத்தம் பிள்ளை. இப்ப கூடிப் போச்சு." கணவர் இல்லை, அண்ணன் காணாமல் போனவர் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார். நான் பேனாவைக் கீழே வைத்தேன். குரலைத் தாழ்த்தினேன். தூக்கம் வருதா, அழுகை வருதா, வாழ்க்கை வெறுப்பா இருக்கா என்று அம்மானில் கற்ற மனநலக் கேள்விகள் அத்தனையும் வரிசையாக. இருபது நிமிஷம். பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில், "பிள்ளை, நாரிக்குள்ள நோ எண்டு சொல்லுறன், நீங்கள் அழுகுறியோ எண்டு கேக்கிறியள்" என்றார்.

இலங்கைத் தமிழில் வருத்தம் என்றால் நோய். நாரி என்றால் இடுப்பு, நோ என்றால் வலி. பக்கத்தில் அவர் மகள், இங்கேயே பிறந்த பெண், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இன்னாக்கா, அம்மா வருத்தம்னா உடம்பு சரியில்லேன்னு அர்த்தம்." அந்த வீட்டில் அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவிலேயே இரண்டு தமிழ்.

அம்மானில் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திக் கேட்டேன், "அவர் சொன்ன சொல் எது, அதற்கு வேறு அர்த்தம் உண்டா?" என்று. அந்நிய பாஷை என்பதால் கவனம் இருந்தது. இங்கே எல்லாம் புரிகிற மாதிரி இருந்ததால் எதையும் கேட்கவில்லை.

மார்ச் 10, அதே இரவு

இன்னொன்றை விட்டுவிட்டேன், அது இதைவிட முக்கியம். அந்த அம்மாவுக்கு முன்னால் பதினோரு வீட்டில் கேட்டேன். பதினோரு வீட்டிலும் "ஒண்டும் இல்லை, சுகம்." ஒருவருக்கும் பி.பி. இல்லையாம், மாத்திரை இல்லையாம். ஜன்னலில் மாத்திரை அட்டை தெரிகிறது! பன்னிரண்டாவது வீட்டில்தான் காரணம் தெரிந்தது. "செக்கிங் ஐயாட மகள் வந்திருக்கிறா" என்று முதல் வீட்டிலிருந்தே சேதி போயிருக்கு. நோய் என்று எழுதினால் வேலைக்குப் போகாதவர் என்று ஏதாவது வெட்டிவிடுவார்களோ என்று பயம். ஹோம்ஸ் தையல்காரர் என்னிடம் எல்லாம் சொன்னதற்கும் இதுதான் காரணம், நான் அவருக்கு யாருடைய மகளும் இல்லை.

இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் வருத்தம். நம் ஊர் அர்த்தத்தில்.

மார்ச் 17

உபயோகமான விஷயம் கேட்பவர்களுக்கு, சுருக்கமாக. லண்டனிலும் லிவர்பூலிலும் இருக்கும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளிகள் இதற்குப் பேர்போனவை. செஞ்சிலுவைக் குழு 1986இலிருந்து ஹெல்ப் என்று சில வாரப் படிப்பு ஒன்று நடத்துகிறது, முதுகலை அளவுக்குச் செலவில்லை. உதவித்தொகை: பிரிட்டன் அரசின் செவனிங், ஜெர்மனியின் டாட் (DAAD) இரண்டுமே பொதுவாக இரண்டு வருஷ வேலை அனுபவம் கேட்கும், தம்பிக்கு அது இருக்கு. செவனிங்கில் படித்தால் இரண்டு வருஷம் ஊர் திரும்பி இருக்கணும். ஐ.சி.யூ. மட்டும் போதாது, சமுதாய சுகாதாரம் தொட்டிருக்கணும். கே.வி. குப்பத்தில் சி.எம்.சி.யின் கிராம சுகாதார மையம் ரூசா 1977இலிருந்து இருக்கு, போய்ப் பாருங்கள். ஏஜென்ட் கையில் பணம் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். எவ்வளவு என்று கேட்காதீர்கள், அம்மா இதைப் படிக்கிறாள்.

மார்ச் 24

வகுப்பில் ஒரு நாள், அகதிகள் பற்றிய 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை என்று தலை குனிந்து சொன்னேன். ஆசிரியை, "ஜோர்டானும் போடவில்லை" என்றார். கையெழுத்துப் போடாமலே லட்சக்கணக்கானவர்களுக்கு இடம் கொடுத்த ஊரும் இருக்கு, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடலில் படகை மறிக்கும் ஊரும் இருக்கு. ஆனால் காகிதம் இல்லாவிட்டால் எல்லாமே தயவு. இங்கே தயவு வளர்ந்திருக்கு, மறுக்கவில்லை. 2021இல் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள், குடும்பத் தலைவருக்கு மாதக் கொடை 1,500 ரூபாய் ஆனது, 3,510 வீடுகளுக்கு முதல்வர் அடிக்கல் நாட்டியது மேல்மொணவூரிலேயே.

பழைய வீடு பத்துக்குப் பத்து அடி. கணக்குப் போட்டேன்: சுமார் 9.3 சதுர மீட்டர். ஸ்பியர் கணக்கில் ஆளுக்கு 3.5. அதாவது இரண்டரை ஆள் வீடு. ஐந்து பேர், ஒரு அடுப்பு, ஒரு பீரோ, ஒரு தையல் மெஷின் இருந்தது நான் பார்த்த வீட்டில். அது நெருக்கடிக் காலத்துக்கான குறைந்தபட்சக் கணக்கு. இலங்கையிலிருந்து அகதிகள் வர ஆரம்பித்த 1983இலிருந்து எண்ணினால் எத்தனை வருஷம்?

ஏப்ரல் 20

நேற்று ஓட்டுப் போட்டேன். விரலில் மை. டி.வி.யில் திருச்சி முகாமிலிருந்து ஒரு பெண் முதல்முறை ஓட்டுப் போட்டதைக் காட்டினார்கள். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். 1987 ஜூலைக்கு முன்னால் இங்கே பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை, அதைச் சொல்லி நீதிமன்றம் போய் பாஸ்போர்ட் வாங்கியவர்.

இடுப்பு வலி அம்மாவின் மகள் பிறந்தது 1996, அந்தத் தேதிக்கு ரொம்பப் பின்னால். "வெளிநாட்ல எங்களப் பத்தியா படிச்சீங்க?" என்று அன்றைக்கு என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன். "எங்களப் பத்தி நாங்க போய்ப் படிக்க முடியாதுல்ல" என்று சொல்லிவிட்டு டீ டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். கோபமாய்ச் சொல்லவில்லை, டீ ஆறிடுச்சு என்று சொல்கிற குரல். அவளும் நர்சிங் படித்தவள்தான்.

மே 19

தம்பி விண்ணப்பம் போட்டாச்சாம். நல்லது, போங்கள். பிப்ரவரியில் "பாதி சரி" என்றேனே, அதை வாபஸ் வாங்குகிறேன். உங்கள் வீட்டில் சொன்னது முழுக்கச் சரி, நீங்கள் போவதும் சரி. இதை இப்படி எழுதினால் வழவழா என்று திட்டுவீர்கள், திட்டுங்கள்.

மே 26

தம்பி போன ஞாயிறு ஒரு டாக்டர் குழுவோடு மேல்மொணவூர் போய் வந்திருக்கிறார். தனிச்செய்தியில் வந்த கேள்வி: "அக்கா, தலையிடின்னா இன்னா? இடி விழுந்துச்சான்னு கேட்டுட்டேன்."

தலைவலி. தடிமன் என்றால் ஜலதோஷம். சத்தி என்றால் வாந்தி, உடம்பில் சத்து இல்லை என்று டானிக் எழுதிவிடாதீர்கள் (எழுதியிருக்கிறேன்). பனடோல் கேட்டால் பாராசிட்டமால். ஏலாது என்றால் முடியவில்லை.

அப்புறம் அந்த அம்மா அங்கேதான் இருக்கிறாரா என்று அடுத்த முறை பார்த்துச் சொல்லுங்கள். இரண்டாவது வரிசை, வேப்ப மரத்துக்கு எதிர் வீடு. புது வீடு கட்டியபிறகு வரிசை மாறியிருக்கும். தலையாரி மகள் கேட்டாள் என்று சொல்ல வேண்டாம். நாரி நோ எப்படி இருக்கு என்று மட்டும் கேளுங்கள்.